பெருந்தொற்றுக் காலத்தில் இதய-நுரையீரல் திறனை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்பயிற்சிக் கூடங்களும் சோதனைக் கூடங்களும் மூடியிருக்கும்போது, அல்லது திறந்திருந்தாலும் உள்ளே போகத் தயக்கமாக இருக்கும்போது, பெரியவர்கள் தங்கள் உடல்திறனை எப்படித் தெரிந்துகொள்வது? இது பற்றி வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே. கொரோனா காலத்து அனுபவத்தை வைத்து எழுதியது; மூச்சுக்காற்று வழியே பரவும் எந்தத் தொற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இதய-நுரையீரல் திறன் என்று எதைச் சொல்கிறார்கள்?

உழைக்கிற தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆற்றலைத்தான். நுரையீரல் இழுக்க வேண்டும், இரத்தம் சுமக்க வேண்டும், இதயம் தள்ள வேண்டும், தசை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த நான்கில் எங்கே தொய்வு வந்தாலும் மொத்தமும் குறையும். முழு மூச்சாக உழைக்கும்போது, ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ஆக்சிஜன் செலவாகிறது என்பதே அளவுகோல். வி.ஓ.2 மேக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவை 3.5 மி.லி. என்று வைத்துக்கொண்டு அதை ஒரு 'மெட்' என்பார்கள். உச்சத்தில் 35 மி.லி. தொடுகிறவரின் திறன் 10 மெட்.

உயிர் பிழைப்பதே பெரும்பாடாக இருக்கும் நேரத்தில் இதை அளந்து என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்வி. இரண்டு காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, ஊரடங்கில் இந்தத் திறன் சத்தமில்லாமல் கரைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று பெருந்தொற்று என்று அறிவித்தது. ஒரு கைப்பேசிச் செயலியின் பயனர்கள் நாளொன்றுக்கு நடந்த அடிகளை ஆராய்ந்தபோது, அந்த அறிவிப்புக்குப் பின் 10 நாட்களில் சராசரி 5.5 சதவீதமும், 30 நாட்களில் 27.3 சதவீதமும் குறைந்திருந்தது. அசையாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அவர்களின் வி.ஓ.2 மேக்ஸ் கால் பங்குக்கும் மேல் விழுந்தது. அதே ஐவரை 30 ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தார்கள். ஐம்பது வயதில் இருந்த திறன்கூட, இருபது வயதில் படுத்து எழுந்த அன்றைய திறனைவிடக் குறையவில்லை. முப்பது வருட முதுமை செய்யாததை மூன்று வாரப் படுக்கை செய்திருக்கிறது.

இரண்டாவது, திறன் குறைவாக இருப்பவர்களைத் தொற்று அதிகம் வாட்டுகிறது. தொற்றுக்கு முன்பே டிரெட்மில் சோதனை செய்திருந்த 246 கோவிட் நோயாளிகளின் பதிவுகளை 2021இல் அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்களின் சராசரி 6.7 மெட், வீட்டிலிருந்தே தேறியவர்களின் சராசரி 8.0. திறனுக்கும் நோயின் தீவிரத்துக்கும் தொடர்பு உண்டு என்றுதான் இதை வைத்துச் சொல்ல முடியும். நன்றாக ஓடுகிறவருக்குத் தொற்றே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சோதனைக் கூடத்தில் செய்யும் முறையான பரிசோதனையை ஏன் நிறுத்தினார்கள்?

முகத்தில் ஒரு மூடியை இறுக்கி, டிரெட்மில்லிலோ சைக்கிளிலோ ஏற்றி, மூச்சுக்காற்றை இயந்திரம் அலசும் சோதனைதான் இதில் மிகத் துல்லியமானது. சிக்கலும் அங்கேதான். ஓய்வில் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை வெளியே விடும் ஒருவர், உச்ச உழைப்பில் நூறு லிட்டரைத் தாண்டுவார். மூடிய அறை, பக்கத்தில் நிற்கும் ஊழியர்கள், அடுத்து வரப்போகிற நோயாளி என்று எல்லாருக்கும் ஆபத்து. அறுவை சிகிச்சைக்கு முன்போ, இதய நோயைக் கண்டறியவோ மருத்துவர் கேட்டால் அந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வடிகட்டி, காற்றோட்டம், இடைவெளி ஆகிய ஏற்பாடுகளோடு அவர்களே செய்வார்கள். ஆர்வத்துக்காகச் செய்துபார்க்க நினைப்பவர்கள் காத்திருக்கலாம்.

வீட்டில் தானாகவே யார் செய்யக் கூடாது?

நெஞ்சுவலி, காரணமில்லாத மயக்கம், ஓய்விலேயே மூச்சிரைப்பு, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், அண்மையில் மாரடைப்பு அல்லது இதய அறுவை சிகிச்சை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி உள்ள நாளிலும் வேண்டாம். தடுப்பூசிக்கு மறுநாள் காய்ச்சல் அடித்தாலும் அப்படியே. வீட்டில் தனியாக இருக்கும்போது செய்வதும் எனக்கு உவப்பில்லை. கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும்.

வெளியே போகவே முடியாது. வீட்டுக்குள் எதைச் செய்யலாம்?

என் முதல் தேர்வு ஒரு நிமிட நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத, 46 செ.மீ. உயரம் வரும் உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து நின்று, முழுதாக உட்கார வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 7,000 பேரிடம் எடுத்து 2013இல் வெளியான கணக்குப்படி, 20-24 வயதில் ஆண்களின் நடுமதிப்பு 50, பெண்களுக்கு 47. 75-79 வயதில் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 27. இது தொடை வலுவையும் சேர்த்தே அளக்கிறது என்பதை மறக்க வேண்டாம். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு எண்ணிக்கை குறைந்தால் இதயத்தைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது படியேறும் சோதனை. 30 செ.மீ. உயரத்தில் ஆடாத ஒரு படி வேண்டும். கைப்பேசியில் மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் தட்டொலி தரும்) செயலியை நிமிடத்துக்கு 96 தட்டுகள் என்று வையுங்கள். தட்டுக்கு ஒரு கால் அசைவு: ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. நிமிடத்துக்கு 24 முறை ஏறி இறங்குவீர்கள். மூன்று நிமிடம் முடிந்ததும் ஐந்து நொடிக்குள் உட்கார்ந்து, முழு ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணுங்கள். அந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வழக்கமான வீட்டுப் படி 30 செ.மீ. இருக்காது, பரவாயில்லை. அதே படியில் அடுத்த முறையும் செய்தால் உங்களோடு உங்களை ஒப்பிடலாம், இந்தச் சோதனைக்கு என வெளியான வயதுவாரி அட்டவணையோடுதான் ஒப்பிட முடியாது. தடுமாற்றம் உள்ள முதியவர்களுக்கு இது வேண்டாம்.

மருத்துவமனைகளில் செய்யும் 6 நிமிட நடைக்கு 30 மீட்டர் நீளமுள்ள நேரான தாழ்வாரம் வேண்டும். சிறிய கூடத்தில் திரும்பித் திரும்பி நடந்தால் தூரம் குறைந்துவிடும். வீட்டுக்கு ஒத்துவராது.

திறந்தவெளியில் நடக்க அனுமதி இருக்கிறது. அப்போது?

அப்படியென்றால் ராக்போர்ட் நடைச் சோதனையைப் போல வசதியானது வேறில்லை. 1987இல் வெளியானது, ஓடத் தேவையில்லை. சமதளத்தில் ஒரு மைல், அதாவது 1.6 கி.மீ., முடிந்த அளவு வேகமாக நடக்க வேண்டும். முடித்ததும் நேரத்தையும் நாடித்துடிப்பையும் குறிக்க வேண்டும். பிறகு கணக்கு:

132.85-இலிருந்து தொடங்குங்கள். எடையை (கிலோ) 0.1695-ஆல் பெருக்கிக் கழியுங்கள். வயதை 0.3877-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 6.315 கூட்டுங்கள். நேரத்தை (நிமிடம்) 3.265-ஆல் பெருக்கிக் கழியுங்கள். நாடித்துடிப்பை 0.1565-ஆல் பெருக்கிக் கழியுங்கள். மிச்சம் வருவது வி.ஓ.2 மேக்ஸ் மதிப்பீடு.

70 கிலோ எடையுள்ள 40 வயது ஆண் 15 நிமிடத்தில் முடித்து, துடிப்பு 130 இருந்தால் சுமார் 42.5 வரும். சில மாதம் வீட்டிலேயே அடைந்து கிடந்துவிட்டு அதே ஆள் 16 நிமிடத்தில் முடித்து, துடிப்பு 140 என்றால் 37.6. ஏறத்தாழ 1.4 மெட் போய்விட்டது. நேரத்தை 15.5 என்று எழுதினால் 15 நிமிடம் 30 நொடி என்று பொருள். 15 நிமிடம் 50 நொடியை 15.5 என்று எழுதித் தவறான விடையோடு குழம்புகிறவர்கள் நிறைய.

12 நிமிட ஓட்டம்?

அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட முறை அது. 12 நிமிடத்தில் கடந்த மீட்டர்களிலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுக்க வேண்டும். 2,400 மீட்டர் ஓடினால் 42.4. ஏற்கனவே வாரம் தவறாமல் ஓடுகிறவர்களுக்கு மட்டும். மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு முதல் நாளே இதைச் செய்வது அளவெடுப்பதில் சேராது, வம்பை விலைக்கு வாங்குவது.

உடம்பை அசைக்காமலே மதிப்பிட வழி இருக்கிறதா? தொலைபேசியில் ஆலோசனை தரும் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

இருக்கிறது, பலருக்கு இதுவே போதும். டியூக் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1989இல் வெளியான 12 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. மாடிப்படி ஏற முடியுமா, சிறிது தூரம் ஓட முடியுமா, கனமான மரச்சாமானைத் தூக்க முடியுமா என்ற வகைக் கேள்விகள். முடியும் என்கிற ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. படி ஏறினால் 5.5, ஓடினால் 8. மொத்தம் 58.2. பெற்ற மதிப்பெண்ணை 0.43-ஆல் பெருக்கி 9.6 கூட்டினால் உச்ச உழைப்பின் ஆக்சிஜன் செலவு தெரியும். பொய் சொன்னால் கணக்கும் பொய்யாகும். 'இப்போது முடியுமா' என்று கேட்டால், போன வருடம் முடிந்ததை நினைத்துக்கொண்டு 'முடியும்' என்பது மனித இயல்பு. ஊரடங்கில் மாடியே ஏறாதவருக்கு, ஏற முடியாது என்பதே தெரிந்திருக்காது.

இதைவிட எளியது, காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே எடுக்கும் ஓய்வு நாடித்துடிப்பு. ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு வாரச் சராசரியைப் பாருங்கள்.

ஸ்மார்ட்வாட்ச் காட்டும் எண்ணை நம்பலாமா?

போக்கை நம்பலாம், எண்ணை நம்ப வேண்டாம். அது உங்கள் மூச்சை அளக்கவில்லை. நடை வேகத்தையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. மணிக்கட்டில் தளர்வாகக் கட்டினாலோ, பச்சை குத்தியிருந்தாலோ துடிப்பே தப்பாக விழும். வெளியே நடக்காமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் பல கைக்கடிகாரங்களுக்கு ஊகிக்கவே போதிய தகவல் கிடைக்காது.

220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்கிறார்களே?

தோராயம்தான். 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் 2001ஆம் ஆண்டுச் சூத்திரம் முதியவர்களுக்கு இன்னும் நெருக்கமாக வரும். இரண்டிலும் பத்து துடிப்பு முன்பின் இருப்பது சர்வசாதாரணம்.

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கணக்கு சரியாக வருமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் துடிப்பையே அடக்கிவைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு ராக்போர்ட், படிச் சோதனை இரண்டும் இல்லாத திறனை இருப்பதாகக் காட்டும். நாற்காலி எண்ணிக்கையும், எவ்வளவு சிரமமாக இருந்தது என்று நீங்களே 6 முதல் 20 வரை இடும் போர்க் அளவுகோல் மதிப்பெண்ணும் போதும். சோதனைக்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து.

முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யலாமா?

ஆரோக்கியமானவர்களுக்கு ஆக்சிஜன் அளவில் பெரிய மாற்றம் வராது; மூச்சுத் திணறுவதுபோல உணர்வு கூடும், வியர்வையில் நனைந்தால் இன்னும் கூடும். பிறர் இருக்கும் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், ஆளில்லாத திறந்தவெளியில் கழற்றலாம். போன முறை கழற்றிவிட்டு, இந்த முறை போட்டுக்கொண்டு செய்து இரண்டையும் ஒப்பிடுவதுதான் தவறு.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு இங்கே வேலை உண்டா?

உண்டு. அது காட்டும் இரத்த ஆக்சிஜன் சதவீதத்தை நாற்காலிச் சோதனைக்கு முன் ஒரு முறை பாருங்கள். முடித்தபின் ஒரு நிமிடம் வரை தொடர்ந்து பாருங்கள், ஏனென்றால் பல சமயம் நின்ற பிறகுதான் இறங்கும். 3 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால், மறுபடி அளந்தும் அப்படியே இருந்தால், மருத்துவரிடம் சொல்லுங்கள். கோவிட் காலத்தில் உட்கார்ந்திருக்கும்போது நன்றாகக் காட்டி, அசைந்ததும் சரிந்தவர்களை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். நகப்பூச்சு, குளிர்ந்த விரல், நடுங்கும் கை எல்லாம் எண்ணைக் குழப்பும். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இக்கருவி உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும் என்பது 2020இல் வெளியான ஆய்வில் தெளிவானது. ஆகவே எண் நன்றாக இருந்து உடம்பு சரியில்லை என்றால் உடம்பை நம்புங்கள்.

என் எண் குறைந்துவிட்டது. ஊரடங்குச் சோம்பலா, நோயா என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் அளக்கிறோம் என்றுகூடச் சொல்வேன். ஒரு தடவை அளந்த எண்ணைப் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியாது. அது அடுத்தடுத்த வாரங்களில் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

அசையாமல் இருந்தால் முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தம் குறைய, ஈடுகட்ட அது வேகமாக அடிக்கிறது. அதே மாடிக்கு அதே ஆள் ஏறினாலும் துடிப்பு அதிகம். இந்த வகைத் தளர்ச்சிக்கு ஓர் அடையாளம் உண்டு: தினமும் நடக்கத் தொடங்கினால் வாரங்களில் மீளும். களைப்பு வரும், தூங்கி எழுந்தால் போய்விடும். இரண்டு மூன்று வாரம் நடந்தபின் அதே சோதனையைச் செய்தால் எண் மேலே நகர்ந்திருக்கும், கொஞ்சமாவது.

நோய் வேறு மாதிரி. பயிற்சி கூடக் கூட நிலைமை மோசமாகும். சிறிது உழைத்ததற்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உடம்பு அடியோடு சரிந்து, நாள்கணக்கில் எழ முடியாமல் போகும். இப்படி ஆகிறவர்களிடம் 'கொஞ்சம் முயற்சி செய்' என்பது கெடுதல். அவர்கள் இந்தச் சோதனைகளையே செய்யக் கூடாது. படுக்கையிலிருந்து எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் ஏறி, தலை கிறுகிறுப்பது தொடர்ந்தால் அதுவும் சோம்பல் இல்லை. மார்பில் அழுத்தம், துடிப்பு தாறுமாறாக ஓடுவது, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தெரிந்தால் அடுத்த அளவுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நடுவே ஒரு சின்னச் சோதனை உதவும். மிதமான உழைப்பை நிறுத்திவிட்டு, சரியாக ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 1999இல் வெளியான ஒரு பெரிய டிரெட்மில் ஆய்வில், உச்ச உழைப்புக்குப் பின் முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் கீழோ இறங்கியவர்களுக்கு மரண அபாயம் அதிகமாக இருந்தது. அந்தக் கோட்டை உங்கள் வீட்டுச் சோதனைக்கு அப்படியே பொருத்த முடியாது. மாதத்துக்கு மாதம் இறக்கம் கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

தொற்று வந்து குணமாகிவிட்டேன். எப்போது அளக்கலாம்?

வீட்டிலேயே தேறிய லேசான நோய் என்றால், அறிகுறிகள் முழுதாக நின்று ஏழு நாளாவது ஆகட்டும். அதன்பின் முதல் இரண்டு வாரம் மெல்லிய நடை, மூச்சுப் பயிற்சி, வீட்டு வேலை. பேசிக்கொண்டே செய்ய முடிய வேண்டும். பேச்சு தடைபட்டால் அது அதிகம். இவ்வளவும் தொந்தரவில்லாமல் முடிந்தால் நாற்காலிச் சோதனையில் தொடங்கலாம், அதையும் முழு வேகத்தில் வேண்டாம். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், நெஞ்சுவலி இருந்தவர்கள் மருத்துவர் சொன்ன பிறகே செய்ய வேண்டும். இதயத் தசை அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் உழைப்பு கூடாது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை அளக்கலாம்?

ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்பது என் கணக்கு. அதற்கு முன் உண்மையான மாற்றமும் அன்றன்றைய ஏற்ற இறக்கமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதல் தடவைச் சோதனையை ஒத்திகையாக வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்துச் செய்வதைக் குறித்துவையுங்கள், ஏனென்றால் பழகினாலே எண்ணிக்கை கூடும். நேரம், நாற்காலி, செருப்பு எல்லாம் மாறாமல் இருக்கட்டும். காபி குடித்திருந்தால், தூக்கம் கெட்டிருந்தால், வெயில் கொளுத்தினால் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நான் பயிற்சியாளர். குழுவாகச் சோதனை நடத்தலாமா?

மூடிய அரங்கில், பீப் ஒலிக்கு எல்லாரும் சேர்ந்து ஓடும் 20 மீட்டர் சோதனையைத் தொற்று தணியும்வரை எடுத்துவையுங்கள். மைதானத்தில் ராக்போர்ட் நடை நடத்தலாம். ஒருவர் புறப்பட்டு இரண்டு நிமிடம் கழித்து அடுத்தவர். ஒருவர் நாடியை மற்றவர் தொடாமல் அவரவரே எண்ணட்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கச் சொல்கிறீர்கள் என்றால், ஒரு துடிப்பு பிசகினால் விடையில் நான்கு பிசகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வந்தவர்களின் எண்களைச் சுவரில் ஒட்டாதீர்கள். யாருக்கு எப்போது தொற்று வந்து போனது என்பது அந்தப் பட்டியலிலிருந்தே ஊகிக்கப்படும், அதை வெளியே சொல்ல விரும்பாதவர்களும் அதில் இருப்பார்கள்.